கட்டும் சுருக்கமும்: யூனிக்ஸ் கோப்புக்கட்டு வடிவங்களின் வரலாறு

1. முன்னுரை

மொழித் தரவகங்களைக் கையாளும் ஆய்வாளர்க்கு ‘.டார்.ஜிஇசட்’ என முடியும் கோப்புப் பெயர் புதியதன்று. சொற்றொகுதிகள், அகராதித் தரவுகள், இணைமொழிப் பனுவல்கள் ஆகியவை பெரும்பாலும் இவ்வடிவிலேயே கைமாறுகின்றன. இப்பெயரின் ஈற்றில் இரு விகுதிகள் உள்ளன. முதலாவது, பல கோப்புகள் ஒன்றாகக் கட்டப்பட்டன என்பதைக் குறிக்கும். இரண்டாவது, அவ்வாறு கட்டப்பட்டது பின்னர்ச் சுருக்கப்பட்டது என்பதைக் குறிக்கும். ‘மரங்களை’ என்னும் சொல்லைப் பகுப்போர் முதலில் வேற்றுமை உருபையும் அதன்பின் பன்மை விகுதியையும் பிரிப்பது போலவே, இக்கோப்பைத் திறப்போரும் ஈற்றிலிருந்தே தொடங்க வேண்டும். முதலில் விரித்தல், பின்னர்க் கட்டவிழ்த்தல் என்பதே முறை.

கட்டுதலும் சுருக்குதலும் இருவேறு செயல்கள், அவற்றை இருவேறு கருவிகளே செய்ய வேண்டும் என்பது யூனிக்ஸ் மரபின் அடிப்படைக் கொள்கை. தனியாள் கணிப்பொறிகளில் 1989 முதல் பரவிய ஜிப் வடிவம் இரண்டையும் ஒன்றாக்கியது. யூனிக்ஸ் மரபோ பிரித்தே வைத்தது. இப்பிரிவினையின் காரணங்களையும் விளைவுகளையும், இவ்வடிவங்களில் பாதுகாக்கப்படும் பனுவல்களின் நம்பகத்தன்மையையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

2. கட்டுதல்

1971ஆம் ஆண்டு நவம்பரில் வெளிவந்த யூனிக்ஸ் முதற்பதிப்புக் கையேட்டிலேயே ‘ஏஆர்’ என்னும் கட்டளை இடம்பெற்றுள்ளது. பல கோப்புகளை ஒரே கோப்பாக்குவது இதன் பணி. நிரல் நூலகங்களைத் தொகுப்பதற்கு இது இன்றளவும் பயன்படுகிறது. டெபியன் இயங்குதளத்தின் நிரற்பொதிகளும் புறத்தே ஏஆர் வடிவிலேயே அமைந்துள்ளன. அவற்றின் உள்ளே சுருக்கப்பட்ட டார் கட்டுகள் உள்ளன.

காந்த நாடாவில் கோப்புகளைச் சேமிப்பதற்கு முதலில் ‘டேப்’ என்னும் கட்டளையும் பின்னர் ‘டிபி’ என்னும் கட்டளையும் இருந்தன. 1979இல் வெளியான ஏழாம் பதிப்பில் இவற்றின் இடத்தை ‘டார்’ பெற்றது. நாடாக் காப்பகம் எனப் பொருள்படும் ஆங்கிலத் தொடரின் குறுக்கமே இப்பெயர்.

டார் வடிவத்தின் அமைப்பு நாடாவின் இயல்பிலிருந்தே பிறந்தது. நாடாவை முன்னும் பின்னும் தாவிப் படித்தல் அரிது, தொடக்கத்திலிருந்து வரிசையாகப் படித்தலே எளிது. ஆகவே டார் கட்டில் பொருளடக்கம் என ஒன்று இல்லை. ஒவ்வொரு கோப்பின் முன்னும் 512 பைட்டு அளவுள்ள தலைப்பு ஒன்று வரும். கோப்பின் பெயர், உரிமைகள், உடையவர், அளவு, இறுதியாகத் திருத்தப்பட்ட நேரம் ஆகியவை அதில் குறிக்கப்படும். அதனையடுத்துக் கோப்பின் உள்ளடக்கம் 512 பைட்டுத் துண்டுகளாக அமையும். சுழிகளால் நிரம்பிய இரு துண்டுகள் கட்டின் முடிவைக் காட்டும்.

இத்தலைப்பில் எண்கள் யாவும் எட்டடிமான எண்முறையில், எழுத்துருக்களாகவே பதியப்படுகின்றன. இது வீண்செலவு போலத் தோன்றினும் இதற்குத் தக்க காரணம் உண்டு. அக்காலக் கணிப்பொறிகளுள் சில ஓரெண்ணின் பெரும்பகுதியை முதலிலும் வேறு சில சிறுபகுதியை முதலிலும் எழுதின. எண்ணை இரும வடிவில் பதிந்தால் ஒரு பொறியில் எழுதியதை மற்றொன்று பிறழப் படிக்கும். டாருக்கு முன்னரே, 1977 அளவில் தோன்றிய ‘சிபிஐஓ’ என்னும் கட்டுவடிவத்தின் பழைய இரும வகை இக்குறைக்கு ஆளாயிற்று. அதன் எழுத்துருவகை பின்னரே வந்தது. எழுத்தாகப் பதியப்பட்ட டார் தலைப்பு எல்லாப் பொறிகளிலும் ஒன்றாகவே படிக்கப்பட்டது.

எனினும் டார் தன் எல்லைகளையும் உடன் கொண்டிருந்தது. கோப்பின் அளவுக்கு ஒதுக்கப்பட்ட 11 எட்டடிமான இலக்கங்களால் 8 கிகாபைட்டுக்கு மேற்பட்ட கோப்பைக் குறிக்க இயலவில்லை. கோப்புப் பெயருக்கு 100 பைட்டுகளே இருந்தன. 1988ஆம் ஆண்டின் போசிக்ஸ் தரப்பாடு ‘யூஸ்டார்’ என்னும் வகையை வகுத்து, பெயரின் முற்பகுதிக்கு மேலும் 155 பைட்டுகளை அளித்தது. டாரா, சிபிஐஓவா என்னும் வாதம் தரப்பாட்டுக் குழுக்களில் நெடிது நிகழ்ந்தது. அதற்கு இணக்கமாக அமைந்த கட்டளைக்குப் ‘பாக்ஸ்’ எனப் பெயரிட்டனர். இலத்தீனில் இச்சொல்லுக்கு அமைதி என்பது பொருள். 2001ஆம் ஆண்டின் போசிக்ஸ் தரப்பாடு வகுத்த பாக்ஸ் வடிவம், நீட்டிக்கத்தக்க கூடுதல் தலைப்புகளை யுடிஎஃப்-8 குறியேற்றத்தில் எழுத வழிசெய்தது.

இம்மாற்றம் தமிழ் போன்ற மொழிகளுக்கு மிக வேண்டப்பட்டதாகும். யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட்டு இடம் கொள்ளும். ‘தொல்காப்பியம்’ என்னும் சொல்லில் எழுத்துகள் 7. ஒருங்குறிக் கணக்கில் குறியீடுகள் 13. பைட்டுகளோ 39. பழைய டாரின் 100 பைட்டு எல்லைக்குள் 33 தமிழ்க் குறியீடுகளே அடங்கும். ஆங்கிலப் பெயருக்குப் போதுமானதாயிருந்த இடம் தமிழ்ப் பெயருக்கு மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. அத்துடன், பழைய தலைப்பில் பெயர் எக்குறியேற்றத்தில் எழுதப்பட்டது என்பதைக் கூறவும் இடமில்லை.

3. சுருக்குதல்

இயற்கை மொழியில் மிகைமை உண்டு என்பதும் அதனை அளவிடலாம் என்பதும் 1948இல் கிளாட் ஷானன் நிறுவிய கொள்கையின் பயன். 1951இல் அவர் அச்சிட்ட ஆங்கிலத்தை ஆராய்ந்து, நீண்ட சூழலைக் கணக்கில் கொண்டால் ஓரெழுத்துக்குரிய தகவல் ஏறத்தாழ 0.6 முதல் 1.3 பிட் வரையே என மதிப்பிட்டார். சுருக்கக் கருவிகள் யாவும் இம்மிகைமையைக் களைவனவே. களைந்ததை மீண்டும் எழுத்துப் பிசகாமல் வருவிக்கவும் அவற்றால் இயல வேண்டும்.

முதல் வழி நிகழ்வெண்ணைச் சார்ந்தது. மிகுதியாக வரும் எழுத்துக்குச் சிறிய குறியையும் அருகி வரும் எழுத்துக்கு நீண்ட குறியையும் அளித்தல் இதன் நெறி. இதற்குரிய சிறந்த முறையை டேவிட் ஹஃப்மன் 1952இல் வெளியிட்டார். 1980களின் தொடக்கத்தில் யூனிக்ஸில் வழங்கிய ‘பேக்’ என்னும் கட்டளை இம்முறையையே பின்பற்றியது. தனியெழுத்தை மட்டும் நோக்கும் இம்முறை சொல்லையோ தொடரையோ அறியாது.

இரண்டாம் வழி, திரும்ப வருவனவற்றைச் சுட்டுதல். இஸ்ரேலின் ஹைஃபா நகரிலுள்ள டெக்னியான் நிறுவனத்தைச் சார்ந்த யாக்கோபு சிவ், ஆபிரகாம் லெம்பெல் ஆகிய இருவரும் 1977, 1978 ஆகிய ஆண்டுகளில் இரு கட்டுரைகளில் இதனை விளக்கினர். 1977ஆம் ஆண்டு முறையைத் தமிழ் ஆவண மரபைக் கொண்டு எளிதில் உணரலாம். பத்திரங்களில் ஓர் ஊரையோ ஆளையோ ஒருமுறை முழுமையாகக் குறித்தபின், மறுமுறை ‘மேற்படி’ என்றே எழுதுவர். அதற்கெனத் தனிக்குறியும் உண்டு. ஒருங்குறித் தமிழ்த் தொகுதியிலும் ‘௸’ என அது இடம்பெற்றுள்ளது. சிவ்-லெம்பெல் முறையும் இத்தகைய மேற்படிக் குறிகளையே பெய்கிறது. எவ்வளவு தொலைவு பின்சென்று எத்தனை எழுத்துகளை எடுக்க வேண்டும் என்பதையும் அக்குறி துல்லியமாகக் கூறும் என்பதே வேறுபாடு. 1978ஆம் ஆண்டு முறை பின்னோக்கிச் சுட்டாது, படிக்கும்போதே ஓர் அகராதியைத் தொகுத்து அதன் பதிவெண்ணை எழுதும். விரிக்கும் நிரலும் அதே அகராதியைத் தானே மீட்டுருவாக்கிக்கொள்வதால், அகராதியை உடன் அனுப்ப வேண்டுவதில்லை.

1978ஆம் ஆண்டு முறையைச் செம்மைப்படுத்தி டெர்ரி வெல்ச் 1984இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அதனை அடியொற்றி ஸ்பென்சர் தாமஸ் அவ்வாண்டிலேயே ‘கம்ப்ரஸ்’ என்னும் நிரலை எழுதினார், பிறர் அதனை மேம்படுத்தினர். அதன் குறிகள் 9 பிட்டில் தொடங்கி 16 பிட் வரை வளர்வன. எனவே அகராதியில் 65,536 பதிவுகளுக்கு மேல் இடமில்லை. இதன் விகுதி, பெரிய எழுத்தில் அமைந்த ‘இசட்’. சிறிய எழுத்து ‘இசட்’ முன்னரே பேக் கட்டளைக்கு உரியதாயிருந்தது. அக்கால யூனிக்ஸில் கோப்புப் பெயர் 14 எழுத்துகளுக்கு மேற்படலாகாது என்பதால் விகுதியும் மிகச் சுருங்கியதாகவே அமைய வேண்டியிருந்தது.

4. காப்புரிமைச் சிக்கலும் ஜிஜிப்பின் தோற்றமும்

வெல்ச் பணியாற்றிய ஸ்பெர்ரி நிறுவனம் 1983ஆம் ஆண்டு ஜூன் 20இல் இம்முறைக்குக் காப்புரிமை கோரி விண்ணப்பித்திருந்தது. 1985 டிசம்பர் 10இல் அமெரிக்கக் காப்புரிமை வழங்கப்பட்டது. 1986இல் ஸ்பெர்ரி, பர்ரோஸ் ஆகிய நிறுவனங்கள் இணைந்து யூனிசிஸ் உருவானபோது அவ்வுரிமையும் அதன் கைக்குச் சென்றது. கட்டுரையைப் படித்து நிரல் எழுதியவர்களும் அந்நிரலை நாள்தோறும் பயன்படுத்தியவர்களும் பிறர்க்கு உரிமையான ஒரு முறையைக் கையாள்வதாகப் பின்னர் அறிந்தனர். ஒரு நூலகம் தன் பனுவல்களைச் சேமிக்கும் வடிவமே ஒரு நிறுவனத்தின் இசைவை எதிர்நோக்கும் நிலை அது. 1994ஆம் ஆண்டின் இறுதியில் ஜிஃப் பட வடிவத்தின் மீதும் இவ்வுரிமை வலியுறுத்தப்பட்டபோது சிக்கலின் அளவு பலர்க்கும் புலனாயிற்று.

கட்டற்ற நிரல்களை உருவாக்கிய குனு திட்டத்தார்க்கு மாற்று ஒன்று தேவைப்பட்டது. ழான்-லூ கய்யி, மார்க் ஆட்லர் ஆகியோர் எழுதிய ‘ஜிஜிப்’ நிரலின் முதல் வெளியீடு 1992 அக்டோபர் 31இல் வந்தது. 1993 பிப்ரவரியில் 1.0 பதிப்பு வெளியாயிற்று. ஃபில் காட்ஸ் தம் ஜிப் நிரலுக்காக வகுத்த ‘டிஃப்ளேட்’ முறையே இதன் அடிப்படை. 1977ஆம் ஆண்டு முறையின் மேற்படிக் குறிகளையும் ஹஃப்மன் குறிகளையும் அது இணைத்தது. பின்னோக்கும் எல்லை 32,768 பைட்டு. ஒரு குறி சுட்டும் நீளம் 3 முதல் 258 பைட்டு வரை. 1996 மே மாதத்தில் பீட்டர் டாய்ச் தொகுத்த 1950, 1951, 1952 ஆம் எண்ணுள்ள இணையத் தொழில்நுட்ப ஆவணங்கள் இம்முறையை முழுமையாக விளக்கின. ஆவணத்தைப் படித்து எவரும் தாமே நிரல் எழுதலாம் என்னும் நிலை ஏற்பட்டது.

இங்கு ஒரு செய்தி சிறப்பாகக் கருதத்தக்கது. கோப்பின் முதலிரு பைட்டுகள் அதன் வகையைக் காட்டும் அடையாளமாகும். பேக் கோப்பில் அவை 31, 30. கம்ப்ரஸ் கோப்பில் 31, 157. ஜிஜிப் கோப்பில் 31, 139. முதல் எண் ஒன்றாயிருத்தல் குடிவழித் தொடர்ச்சியைக் காட்டுகிறது. இவ்வடையாளத்தைக் கண்டு, ஜிஜிப் நிரல் தன் முன்னோடிகளான பேக், கம்ப்ரஸ் ஆகியவற்றின் கோப்புகளையும் விரிக்கும். கம்ப்ரஸ் வடிவில் சுருக்கும் திறன் அதற்கு அளிக்கப்படவில்லை, விரிக்கும் திறனே அளிக்கப்பட்டது. பழைய எழுத்தில் எழுதுவதைக் கைவிட்டும் அதனைப் படிக்கும் பயிற்சியைக் கைவிடாத கல்வெட்டறிஞர் நிலையை இது ஒத்தது. வெல்ச் முறையின் அமெரிக்கக் காப்புரிமை 2003 ஜூன் 20இல் முடிவுற்றது, பிற நாடுகளில் 2004இல் முடிவுற்றது. அதற்குள் கம்ப்ரஸ் வழக்கொழிந்துவிட்டது.

கட்டுதலும் சுருக்குதலும் தனித்தனியாயிருந்தமையின் பயன் இங்கே தெளிவாகிறது. சுருக்கும் முறையைக் கைவிட நேர்ந்தபோது டார் வடிவத்தில் ஒரு பிட் கூட மாற வேண்டியிருக்கவில்லை. ஈற்று விகுதி மட்டும் மாறியது.

5. தொடரடைவும் பிஜிப்2 முறையும்

1994இல் மைக்கேல் பர்ரோஸ், டேவிட் வீலர் ஆகியோர் வெளியிட்ட ஆய்வறிக்கை வேறொரு வழியைக் காட்டியது. மொழியியலார்க்கு நன்கு அறிமுகமான தொடரடைவோடு இது நெருங்கிய ஒப்புமை உடையது. ஒரு பனுவலின் ஒவ்வோர் எழுத்திடத்தையும் தலைச்சொல்லாகக் கொண்டு, அதன் வலப்புறச் சூழலை அகரவரிசைப்படுத்தி, ஒவ்வொன்றின் இடப்பக்கத்திலும் உள்ள எழுத்தை மட்டும் மேலிருந்து கீழாக எழுதினால் கிடைப்பதே பர்ரோஸ்-வீலர் மாற்றம். ‘வந்தான்’, ‘சென்றான்’, ‘கண்டான்’ போன்ற வினைமுற்றுகள் மிகுந்த பனுவலில், ‘ஆன்’ விகுதியில் தொடங்கும் வரிகள் ஓரிடத்தில் திரளும். அவற்றின் இடப்பக்கத்தே த, ற, ட ஆகிய கால இடைநிலை எழுத்துகளே திரும்பத் திரும்ப வரும். ஒத்தவை ஒருங்கு திரள்வதால் சுருக்குதல் எளிதாகிறது. இவ்வாறு கலைத்து எழுதிய நிரலிலிருந்து மூலப் பனுவலை முழுமையாக மீட்கலாம் என்பதே இதன் வியத்தகு பண்பு.

ஜூலியன் சீவர்ட் 1996 ஜூலையில் வெளியிட்ட ‘பிஜிப்2’ இம்முறையைப் பயன்படுத்தியது. அவரது முந்தைய ‘பிஜிப்’ நிரல் எண்கணிதக் குறியீட்டைக் கொண்டிருந்தது. அம்முறையின் மீதும் காப்புரிமைகள் இருந்தமையால் புதிய நிரலில் ஹஃப்மன் குறியீடு மேற்கொள்ளப்பட்டது. பிஜிப்2 பனுவலை 100 முதல் 900 கிலோபைட்டு வரையுள்ள பகுதிகளாகப் பிரித்துத் தனித்தனியே சுருக்குகிறது. ஒவ்வொரு பகுதியின் தலையிலும் வட்டத்தின் பை எண்ணின் இலக்கங்களான 314159265359 அடையாளமாக எழுதப்படும். ஒரு பகுதி பழுதுற்றாலும் பிற பகுதிகளை இவ்வடையாளத்தைத் தேடி மீட்கலாம். பல மொழி விக்கிப்பீடியாக்களின் முழுத் தரவுகள் நெடுங்காலம் இவ்வடிவில் வழங்கப்பட்டு வந்தமை மொழியாய்வாளர் அறிந்ததே.

6. எக்ஸ்இசட் வடிவமும் இடைச்செருகலும்

இகோர் பாவ்லோவ் தம் 7-ஜிப் நிரலுக்காக உருவாக்கிய எல்இசட்எம்ஏ முறையை யூனிக்ஸ் மரபுக்கு ஏற்ப அமைத்து, லாஸ்ஸே காலின் 2009 அளவில் ‘எக்ஸ்இசட்’ வடிவத்தை நிலைப்படுத்தினார். ஜிஜிப்பின் பின்னோக்கும் எல்லை 32,768 பைட்டு, அதாவது ஏறத்தாழ 10,900 தமிழ்க் குறியீடுகள். அதற்கு அப்பாற்பட்ட மறுவரவுகளை அது அறியாது. எக்ஸ்இசட்டின் இயல்பான எல்லை 8 மெகாபைட்டு. ஒரே வாய்பாட்டில் பதிவுகள் திரும்ப வரும் அகராதி போன்ற தரவுகளில் இவ்வேறுபாடு பெரிது. 2016இல் இயான் கோலே உருவாக்கி வெளிவந்த ‘இசட்ஸ்டாண்டர்டு’ வடிவமோ விரைவை முதன்மையாகக் கொண்டது.

2024 மார்ச் 29இல் ஆண்ட்ரஸ் ஃபிராய்ண்டு என்னும் நிரலாளர் வெளியிட்ட செய்தி, எக்ஸ்இசட்டின் 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகளில் மறைவழி ஒன்று புகுத்தப்பட்டிருப்பதை அறிவித்தது. தொலைப்பொறியில் நுழையும் செயல் ஏறத்தாழ அரை நொடி தாமதித்தமையே அவரது ஐயத்தைத் தூண்டியது. சில ஆண்டுகள் உதவிப் பணிகள் செய்து நம்பிக்கை பெற்ற ஒரு பங்களிப்பாளரின் கணக்கிலிருந்தே அது புகுத்தப்பட்டது. பழுதுற்ற கோப்புகளைச் சோதிப்பதற்கென வைக்கப்பட்டவை போன்ற மாதிரிக் கோப்புகளுக்குள் தீய நிரல் ஒளிக்கப்பட்டிருந்தது. அதனை இயக்கிவிடும் சிறுபகுதியோ அனைவரும் காணும் மூல நிரற்களஞ்சியத்தில் இல்லை. வெளியீட்டுக்கெனக் கட்டப்பட்ட டார் கோப்பில் மட்டுமே இருந்தது. சோதனை நிலைப் பதிப்புகள் சிலவற்றில் பரவிய நிலையில், பெரும்பாலான நிலைப்பதிப்புகளை அடையுமுன் அது தடுக்கப்பட்டது.

பனுவல் திறனாய்வாளர்க்கு இச்சிக்கல் பழகிய ஒன்றே. மூலப்படி ஒன்று, பரவிய படி வேறொன்று, இரண்டிற்கும் இடையே இடைச்செருகல். கட்டாகவும் சுருக்கமாகவும் வந்தமையால் எவரும் இரு படிகளையும் ஒப்புநோக்கவில்லை.

ஒப்புநோக்குதலும் எளிதன்று. ஒரே கோப்புகளை இருமுறை கட்டினால், கோப்புகளின் வரிசையோ நேரக்குறிப்போ மாறுபடின் இரு கட்டுகளும் பைட்டளவில் வேறுபடும். ஒரே டார் கட்டை இரு நிரல்கள் சுருக்கினாலும் விளைவு வேறுபடலாம், விரித்தால் மட்டுமே ஒன்றாகும். 2023 ஜனவரியில் கிட்ஹப் தளம் சுருக்கும் நிரலை மாற்றியபோது, உள்ளடக்கம் மாறாதிருந்தும் கட்டுகளின் சரிபார்ப்பெண்கள் மாறின. அவற்றை நம்பியிருந்த பல நிரலாக்கப் பணிகள் தடைப்பட்டதால் அம்மாற்றம் உடனே திரும்பப் பெறப்பட்டது. ஏட்டின் ஒருமைப்பாடு வேறு, பனுவலின் ஒருமைப்பாடு வேறு என்பதே இதிலிருந்து பெறப்படுவது.

7. தமிழ்ப் பனுவலும் தமிழ்க் கலைச்சொல்லும்

யுடிஎஃப்-8 தமிழ்ப் பனுவலை மும்மடங்காக்குகிறது என்னும் குறை அவ்வப்போது கூறப்படுவதுண்டு. தமிழ்க் குறியீட்டின் முதல் பைட்டு எப்போதும் 224. இரண்டாவது பைட்டு 174 அல்லது 175. எனவே மூன்று பைட்டுகளில் உண்மைத் தகவல் 7 பிட்டுக்கு மேற்படாது. முதலிரு பைட்டுகளின் மிகைமையைச் சுருக்க முறைகள் பெருமளவு ஈடுசெய்துவிடுகின்றன. ஆதலின் சேமிப்பிடம் கருதிப் பழைய ஒற்றைப் பைட்டுக் குறியேற்றங்களில் பனுவலை வைத்திருக்க வேண்டிய தேவை இல்லை.

கலைச்சொல் நிலையில் மொழிபெயர்ப்பாளர் கருத வேண்டியது ஒன்றுண்டு. டார் கோப்பைக் ‘காப்பகம்’ எனப் பெயர்ப்பது ஆங்கிலச் சொல்லுக்கு நேரானதாயினும் தமிழில் ஒரு கட்டடத்தையோ நிறுவனத்தையோ நினைவூட்டும். ‘கட்டு’ என்னும் சொல் சுவடிக்கட்டு, ஓலைக்கட்டு ஆகிய வழக்குகளால் பல தனியேடுகள் ஒன்றாகப் பிணைக்கப்பட்டமையை நேரே உணர்த்தும். கட்டுதல், கட்டவிழ்த்தல், சுருக்குதல், விரித்தல் என நான்கு வினைகளும் தனித்தனியே நிற்கும். ‘சுருக்கம்’ என்பது உரைச்சுருக்கத்தையும் குறிக்குமாதலால், முதல் வழக்கில் ‘இழப்பிலாச் சுருக்கம்’ எனத் தெளிவுபடுத்துதல் நலம். ‘அமுக்குதல்’ என்னும் ஆட்சி பருப்பொருளின் செயலைக் குறிப்பதால், மிகைமை களைதல் என்னும் கருத்து அதில் தோன்றாது.

8. முடிவுரை

பேக், கம்ப்ரஸ் ஆகியவை வழக்கொழிந்தன. டார் நாடாவையும் கடந்து நிலைபெற்றது. எழுத்துருவில் அமைந்த எளிய தலைப்பு, வெளிப்படையாக வகுக்கப்பட்ட தரப்பாடு, சுருக்கும் முறையைச் சாராத தன்மை ஆகிய மூன்றுமே அதன் நிலைபேற்றுக்குக் காரணங்கள் எனலாம். டார் தலைப்பில் உள்ள சரிபார்ப்பெண் தலைப்பை மட்டுமே காக்கும், உள்ளடக்கத்தைக் காக்காது. ஜிஜிப்பும் எக்ஸ்இசட்டும் உள்ளடக்கத்தைச் சரிபார்க்கும் எண்ணைக் கொண்டுள்ளன. ஆனால் அவை பழுதைக் காட்டுமேயன்றித் திட்டமிட்ட திருத்தத்தைக் காட்டா.

மொழித் தரவுகளை நெடுங்காலம் காக்க எண்ணும் நிறுவனங்கள், விளக்க ஆவணம் வெளியிடப்பட்ட வடிவங்களைத் தேர்தலும், கட்டின் சரிபார்ப்பெண்ணோடு உள்ளே உள்ள ஒவ்வொரு கோப்பின் சரிபார்ப்பெண்ணையும் தனியே பதிந்து வைத்தலும், வேறிடத்தில் வைத்த படியோடு அவற்றைக் காலந்தோறும் ஒப்புநோக்குதலும் இன்றியமையாதன. சுவடிக் காலத்தில் படியெடுப்போரும் ஒப்புநோக்குவோரும் செய்த பணியே இது. ஏடு மாறியிருப்பினும் அப்பணியின் தேவை குறைந்துவிடவில்லை.